கடையில் 'லகோட்டா வெண் சேஜ்' என்று விற்பது எது?

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 9

டென்வரில் ஒரு யோகா கூடத்தை ஒட்டிய கடையில், சிவப்பு நூல் சுற்றிய வெள்ளிநிற இலைக்கட்டு ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். உறையில் 'லகோட்டா பழங்குடியினரின் முறைப்படி வீட்டைத் தூய்மைப்படுத்தும் வெண் சேஜ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். காற்றிலுள்ள கிருமிகளில் 94 விழுக்காட்டை அழிக்கும் என்றும் எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் நாம் போடும் சாம்பிராணிப் புகைக்கும் இதற்கும் வாசனையைத் தவிர வேறுபாடு எதுவும் இல்லை என்பது என் கருத்து. அடுத்த மாதம் தெற்கு டகோட்டாவிலுள்ள பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்துடன் செல்கிறோம். அங்கே இது தானாகவே முளைத்துக் கிடக்கிறதாமே, கொஞ்சம் பறித்து வரலாமா? ரேபிட் சிட்டிப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 10

உறைக்குள் இருப்பது லகோட்டா மக்களின் செடி அன்று. வெண் சேஜ் என்ற பெயரில் தடித்த கட்டுகளாக விற்பனைக்கு வருவது பெரும்பாலும் சால்வியா அபியானா. அது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த புதர். தென் கலிபோர்னியாவின் கடலோர மலைச்சரிவுகளிலும், அதை ஒட்டியுள்ள மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. சூமாஷ், கவீயா, குமியாய், டோங்வா முதலிய அப்பகுதி மக்களுக்கு அது புனிதமான செடி. லகோட்டா மக்கள் வாழும் தெற்கு டகோட்டாப் புல்வெளி அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் மைல் தொலைவில் இருக்கிறது.

லகோட்டா மக்கள் பெஜி ஹோத்தா என்று அழைப்பது ஆர்ட்டிமீசியா லுடோவிசியானா. இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பளவு வரை வளரும். தண்டிலும் இலையிலும் அடர்ந்திருக்கும் வெண்ணிற மென்மயிர்தான் செடிக்கு அந்தச் சாம்பல் நிறத்தைத் தருகிறது. குளிர்காலத்தில் மேல்பகுதி முழுவதும் பட்டுப்போகும். மண்ணுக்கடியில் படர்ந்திருக்கும் மட்டநிலத்தண்டிலிருந்து வசந்தத்தில் மறுபடியும் துளிர்க்கும். மாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை. ஆகவே மேய்ச்சல் மிகுந்து மற்றப் புற்கள் தேய்ந்துபோன நிலத்தில் இது பெருகிக்கொண்டே போகும். சுருங்கச் சொன்னால், பெஜி ஹோத்தா அரிய செடி அன்று, அதன் வாழிடமும் குறுகியது அன்று. சால்வியா அபியானாவின் நிலைமை வேறு. அது வளரும் மலைச்சரிவுகளை வீட்டுமனைகள் விழுங்கிக்கொண்டிருக்க, மிச்சமிருப்பதைத் திருடர்கள் மூட்டை கட்டுகிறார்கள். ரேஞ்சோ குக்கமோங்கா நகரை ஒட்டிய வடக்கு எட்டிவாண்டா காப்புப் பகுதியில் 2018இல் நான்கு பேர் ஏறத்தாழ 400 பவுண்டு இலையுடன் பிடிபட்டார்கள். உங்கள் கட்டு அப்படி வந்தது என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை உறை சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜூலை 10, இரவு

இலையை எப்படி வேறுபடுத்துவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சால்வியாவின் இலை அகன்றது, தடித்தது. காய்ந்த பிறகும் முரட்டுத்தனமாக நிற்கும். பெஜி ஹோத்தாவின் இலை ஒடுங்கியது, மெல்லியது; காய்ந்ததை உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பஞ்சாகத் திரண்டுவிடும். மணமும் வேறு. இதே ஆர்ட்டிமீசியா பேரினத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளை நாம் நன்கு அறிவோம்: ஒன்று மரிக்கொழுந்து, மற்றொன்று மாசிபத்திரி. ஆனால் மரிக்கொழுந்தின் இனிப்பு பெஜி ஹோத்தாவில் கிடையாது. கற்பூரமும் கசப்பும் கலந்த கூர்மையான நெடி அது. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா புல்வெளியில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, கதம்பத்தில் வைத்துத் தொடுக்க வாழைநார் கிடைக்குமா என்று கேட்டார்.

ஜூலை 13

பறிப்பது பற்றி. என்னுடன் பணிபுரியும் ஒருவரின் பாட்டி, லகோட்டா மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியான பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனில் வாழ்கிறார். கோடைச் சடங்குகளுக்கு முன்பு அவர் குடும்பத்தார் செடி சேகரிக்கச் செல்லும்போது, மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொள்வார்கள். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். லகோட்டா மக்களுக்குள்ளேயே குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும். ஒரு வீட்டில் கட்டாயமாக இருப்பது அடுத்த வீட்டில் கேள்விப்படாததாக இருக்கும். ஆகவே இதை விதிப்பட்டியலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரை நிறுத்தியவுடன் யாரும் செடியைத் தொடுவதில்லை. பாட்டி முதலில் இறங்கி, ஒரு சிட்டிகை சான்ஷாஷாவைக் கையில் எடுத்துக்கொள்வார். சான்ஷாஷா என்பது அங்கே செவ்வில்லோ என்று சொல்லப்படும் சிவந்த தண்டுடைய புதரின் உட்பட்டையைச் சீவிக் காயவைத்தது. தனியாகவோ புகையிலையுடன் கலந்தோ புகைக்குழாயில் இடுவதும் அதுதான். அது இல்லாத நாளில் கடைப் புகையிலையே போதும். செடிகளுக்கு முன்னால் நின்று, தாங்கள் யார், யாருக்காக, எந்தக் காரியத்துக்காக எடுத்துச் செல்ல வந்திருக்கிறோம் என்பதை லகோட்டா மொழியில் நிதானமாகச் சொல்வார். பிறகு கையிலிருப்பதைச் செடியின் அடியில் இடுவார். அதன்பின் முதலில் கண்ணில்பட்ட கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே நடப்போம்.

வேரைப் பிடுங்குவதில்லை என்பதில் மட்டும் அவர் கடுமையானவர். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தண்டை இழுத்தால் மட்டநிலத்தண்டும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், அத்தகைய நாளில் எல்லோர் கையிலும் கத்தரி இருக்கும். ஓரிடத்திலேயே மொட்டையடிக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துக்கொண்டே நகர வேண்டும். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆள் வந்துபோன சுவடு தெரியக் கூடாது. பறிக்கும்போது சிரிக்கலாம், கதை பேசலாம், ஒருவரையொருவர் கேலியும் செய்யலாம். முணுமுணுக்கக் கூடாது. வெயில் தாங்காமல் சிணுங்கிய பேரன் ஒருவன் மூட்டைக்குக் காவலாக நிழலுக்கு அனுப்பப்பட்டான். அவன் சிணுங்கியதன் நோக்கமும் அதுவே என்று எனக்கு ஐயம் உண்டு.

காலம் பற்றி: ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை, பூப்பதற்கு முன்பு பறிக்கிறார்கள். பூத்துவிட்டால் தண்டு விறகாகிவிடும். ஆர்ட்டிமீசியாவின் மகரந்தம் பலருக்குத் தும்மலையும் கண்ணரிப்பையும் உண்டாக்கும். காலைப் பனி உலர்ந்த பிறகே வெட்டுகிறார்கள், ஈரத்தோடு கட்டினால் நடுவில் பூசணம் பிடிக்கும் என்பதால். கடையில் காணும் இறுக்கமான கட்டு இந்த வீட்டில் இல்லவே இல்லை. தளர்வான கைப்பிடிகளாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, காய்ந்ததும் பெரிய காகிதப் பைகளில் போட்டுவைப்பார்கள்.

சாலையோரப் பள்ளங்களில் இது அடர்ந்து நிற்கும். ஆனால் அங்கே பறிக்கவே கூடாது. களைகளை அழிக்க மாவட்ட நிர்வாகம் சாலையோரங்களில் மருந்து அடிக்கிறது. அந்த இலையைக் கொளுத்தி மூச்சில் இழுப்பதைப் பற்றி மேலும் விளக்கத் தேவையில்லை.

ஜூலை 14

பேட்லேண்ட்ஸ் கேள்விக்கு நேரடி விடை: பறிக்கக் கூடாது. தேசியப் பூங்காக்களில் செடிகளை எடுப்பதைக் கூட்டரசு விதிமுறை தடுக்கிறது. 2016இல் வந்த திருத்தம், அரசு ஏற்பு பெற்ற பழங்குடி அரசுகள் பூங்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, தம் மரபுப் பயன்பாட்டுக்காகச் செடிகளைச் சேகரிக்க வழி செய்தது. அந்த வழி சுற்றுலாப் பயணிக்கு உரியதன்று. பேட்லேண்ட்ஸின் தெற்குப் பகுதி பைன் ரிட்ஜ் ரிசர்வேஷனுக்குள்ளேயே அமைந்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வேலியில்லாத புல்வெளியாகத் தெரிவது பழங்குடி அரசின் நிலமாகவோ, ஒரு குடும்பத்தின் பங்கு நிலமாகவோ இருக்கும். அங்கே கேட்காமல் இறங்குவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் இறங்குவதற்குச் சமம். வனத்துறை நிலங்களுக்கு விதி வேறு: 2008இன் வேளாண் சட்டம் பழங்குடிகளின் மரபு, பண்பாட்டுத் தேவைக்கு வனப் பொருள்களைக் கட்டணமின்றி அளிக்க வகைசெய்கிறது. மற்றவர்கள் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்க்கலாம், குனிந்து முகரலாம். அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை.

ஜூலை 21

இழையில் வரும் கேள்விகள் அனைத்தும் புகையைச் சுற்றியே வருகின்றன. அந்தக் குடும்பத்தார் கோடைதோறும் சேர்க்கும் இலையில் நெருப்பைக் காண்பது மிகச் சிறிய பங்குதான். மூட்டை தூக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்: புகைக்கு மட்டும் என்றால் ஒரு பை போதும், காரின் பின்பகுதி நிறையத் தேவைப்படுவது மற்றக் காரியங்களுக்கு.

இனிபி என்னும் நீராவிக் குடிலில் தரையில் இதைப் பரப்பி அதன்மேல் அமர்கிறார்கள். உள்ளே பழுக்கக் காய்ந்த கற்கள்மீது நீர் ஊற்றும்போது எழும் ஆவி தாங்க முடியாததாகிவிட்டால், ஒரு கைப்பிடி இலையை மூக்கருகே பிடித்துக்கொண்டு அதன் வழியாக மூச்சு விடுவார்கள். வியர்வையை அதனாலேயே துடைத்துக்கொள்வதும் உண்டு. உண்ணாமலும் நீர் அருந்தாமலும் தனியாகக் குன்றின்மேல் இருந்து வேண்டுபவருக்குப் படுக்கை இதுதான். சூரிய நடனம் என்னும் கோடைச் சடங்கில் ஆடுபவர்கள் தலையிலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இதை வளையமாகப் பின்னி அணிகிறார்கள். அங்கே வைக்கப்படும் காட்டெருமை மண்டையோட்டின் கண்குழிகளிலும் நாசித் துளைகளிலும் இதையே உருட்டி அடைக்கிறார்கள். புகைக்குழாயை நிரப்பிய பிறகு, பற்றவைக்கும் நேரம் வரும்வரை கிண்ணத்தின் வாயை மூடிவைப்பதும் இந்த இலைதான். இருட்டறையில் நடக்கும் யுவிபி சடங்கில் வருபவர்களுக்கு ஆளுக்கொரு கொத்து தருவார்கள். அதைக் காதோரம் செருகிக்கொள்ள வேண்டும், வரும் ஆவிகள் அடையாளம் கண்டுகொள்வதற்காக.

மிசௌரி ஆற்றுப் பகுதி மக்களின் தாவரப் பயன்பாட்டைப் பதிவுசெய்த மெல்வின் கில்மோரின் 1919ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு செய்தி இருக்கிறது. அறியாமல் புனிதப் பொருளைத் தொட்டுவிட்டவர் இந்தச் செடி இட்ட நீரில் நீராட வேண்டும். எந்தச் சடங்கையும் தீய ஆற்றலை விலக்குவதற்காக இந்தச் செடியைக் கொண்டு தொடங்குவதே முறை. நீரும் இலையும் இருந்தாலே அங்கே தூய்மை நடந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். புகை அந்தத் தூய்மைக்கான பல வழிகளில் ஒன்று.

சரி, புகை. காய்ந்த இலையைக் காம்பிலிருந்து உருவி, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ஒரு சிறு வார்ப்பிரும்புச் சட்டியில் வைத்துப் பற்றவைப்பார்கள். சுடர் எழுந்ததும் அது அணைந்து, விளிம்பு சிவந்து, மெல்லிய புகை வரும். ஒவ்வொருவராக இரு கைகளாலும் அதை அள்ளித் தலைமீதும் நெஞ்சிலும் தோள்களிலும் தடவிக்கொள்வார்கள். புகைக்குழாய், முரசு, இறகு ஆகியவற்றையும் அதில் காட்டுவார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அஸில்யா. சில நிமிடங்களில் முடிந்துவிடும், அறை மூட்டமாவதில்லை. இலையை வைத்து எரிப்பதற்கென்று கடைகளில் கட்டுடன் சேர்த்து விற்கப்படும் அபலோனிச் சிப்பியை அந்த வீட்டில் நான் கண்டதில்லை. அது பசிபிக் கடலில் கிடைப்பது.

இதற்குப் பிறகு, எப்போதும் இல்லை என்றாலும் பல சமயங்களில், வச்சாங்கா என்னும் இனிய மணப்புல்லைப் பின்னிய சடையின் நுனியைக் கொளுத்துவார்கள். முதல் புகை வேண்டாததை வெளியேற்றுகிறது, இரண்டாவது நல்லதை அழைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இடிமழை நெருங்கும்போது ஹாந்தே என்னும் சீடர் (cedar) மரத்தின் இலையைப் புகைப்பது தனி வழக்கம்.

ஜூலை 22

சாம்பிராணி ஒப்பீட்டை நான் முற்றிலும் தள்ளவில்லை. தணலில் ஒன்றை இட்டு, எழும் புகையை வீட்டின் மூலைகளுக்கும் குழந்தையின் ஈரத் தலைக்கும் காட்டி வளர்ந்தவருக்கு, அந்தச் சட்டியின் முன்னால் நிற்கும்போது உடம்பு தானாகவே என்ன செய்ய வேண்டும் என்று அறிந்துகொள்கிறது. எனக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் சாம்பிராணி சுமத்ராவிலிருந்து நூற்றாண்டுகளாகக் கப்பலேறி வந்த பிசின். சந்தைச் சரக்காகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. பெஜி ஹோத்தாவைப் பயன்படுத்துபவர், அதைப் பறித்தவரையும் பறித்த இடத்தையும் பெரும்பாலும் அறிவார். இன்னொன்றும் இருக்கிறது: சாம்பிராணி போட்டதற்காக யாருக்கும் ரேஷனை நிறுத்தவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூலை 30

முதலில் அந்த 94 விழுக்காடு. இந்த எண் இணையத்தில் சேஜ் விற்கும் எல்லா இடங்களிலும் தென்படுகிறது. அதன் பிறப்பிடம் லக்னோ. தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நௌதியாலும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், மூடிய அறை ஒன்றில் ஒரு மணி நேரம் புகையிட்டபோது காற்றிலிருந்த பாக்டீரியாக்களின் எண்ணிக்கை 94 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது என்றும், அதன் விளைவு 24 மணி நேரம் வரை நீடித்தது என்றும் தெரிவித்தார்கள். அவர்கள் எரித்தது ஹவன் சாமக்ரி. அதாவது வேள்விக்குரிய சமித்தும் பல மூலிகைகளின் கலவையும். அதில் சால்வியா அபியானாவும் இல்லை, பெஜி ஹோத்தாவும் இல்லை. ஆக, வடஇந்திய ஹோமப் புகையின் எண்ணைக் கலிபோர்னியாச் செடியின் உறையில் அச்சிட்டு, அதற்கு லகோட்டாப் பெயரைச் சூட்டி, டென்வரில் ஒரு தமிழருக்கு விற்றிருக்கிறார்கள். இந்தச் சுற்றுப்பயணத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

எந்த இலையை எரித்தாலும் நுண்துகள்கள் எழும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் மூடிய அறையில் ஒரு மணி நேரம் புகையிடுவதைக் கிருமிநாசினி என்று நம்பிச் செய்யாதீர்கள். அந்தப் பாட்டி சன்னலைத் திறந்துவைத்தே பற்றவைக்கிறார். கிருமியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 4

ரேஷன் என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 1883இல் அமெரிக்க உள்துறைச் செயலர் ஹென்றி டெல்லரின் முன்முயற்சியால் 'இந்தியக் குற்றங்கள்' தொடர்பான விதித்தொகுப்பு வந்தது (இங்கே இந்தியர் என்பது அமெரிக்கப் பழங்குடியினர்). சூரிய நடனமும் அதையொத்த சடங்குகளும், மருத்துவப் பூசகர்களின் செயல்களும் தண்டனைக்குரியவையாயின. காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்து, ரிசர்வேஷனுக்குள் அடைக்கப்பட்டு, அரசு தரும் ரேஷனை நம்பியே உயிர் வாழ்ந்த மக்களுக்கு அந்த ரேஷனை நிறுத்துவது முதல் தண்டனை; மீண்டும் செய்தால் சிறையும் உண்டு. இலையைப் புகைப்பது அந்த விதியில் பெயர் சொல்லித் தடுக்கப்படவில்லை. அது எந்தச் சடங்குகளைத் தொடங்கிவைக்குமோ அவை தடுக்கப்பட்டன. இந்தியர் விவகார ஆணையர் ஜான் காலியர் 1934இல் பிறப்பித்த சுற்றறிக்கை தடையைத் தளர்த்தியது. அமெரிக்க இந்தியர் சமயச் சுதந்திரச் சட்டம் 1978இல்தான் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் பலர் இதை மறைவில் செய்தார்கள், சிலர் பிள்ளைகளுக்குக் கற்பிக்காமலே இருந்துவிட்டார்கள். அதே காலத்தில் ரோஸ்பட் ரிசர்வேஷனில் பணியாற்றிய யூஜின் பூக்கல் என்ற இயேசு சபைப் பாதிரியார், செடிகளைச் சேகரித்து அவற்றின் லகோட்டாப் பெயர்களையும் எழுதிவைத்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தடை போன பிறகு வந்தது சந்தை. 1993 ஜூனில் லகோட்டா மாநாடு ஒன்று, தம் ஆன்மிகத்தைச் சுரண்டுவோருக்கு எதிராகப் போர் அறிவிப்பு என்ற தலைப்பிலேயே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. சடங்குகளைப் பணத்துக்கு நடத்துபவர்களும், புனிதப் பொருள்களை விற்பவர்களும் அதில் கடுமையாகச் சாடப்பட்டார்கள். வெள்ளைக் காட்டெருமைக் கன்றுப் பெண் என்னும் தொன்மப் புனிதப் பெண் தந்ததாகப் போற்றப்படும் புகைக்குழாயின் 19ஆம் தலைமுறைக் காப்பாளர் ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ், 2003 மார்ச்சில், முதன்மைச் சடங்குகளின் பலிபீடப் பகுதியில் பூர்வகுடிகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். அதை எல்லா லகோட்டாத் தலைவர்களும் ஏற்கவில்லை; அந்த விவாதம் இன்னும் நடக்கிறது.

ஆகஸ்ட் 5

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் லகோட்டா அல்லாத எவரும் ஓர் இலையைக்கூடப் புகைக்கக் கூடாதா என்று ஒருவர் சற்றுச் சினத்துடன் கேட்டிருக்கிறார். அதை முடிவுசெய்ய நான் யார்? மேலே சொன்ன இரண்டு அறிவிப்புகளின் கூர்மையும் சடங்குகளை நடத்துவது, விற்பது, அவற்றில் இடம் பிடிப்பது ஆகியவற்றின் மேலேயே இருக்கிறது. தன் வீட்டில் ஒருவர் இலையைக் கொளுத்துவது அவற்றின் மையம் அன்று. நல்ல இலையைக் கையில் கொடுத்து, வீட்டில் போய்ப் புகை காட்டு என்று சொல்லி அனுப்பும் லகோட்டா மூதாட்டிகளும் இருக்கிறார்கள், என் கையிலேயே தந்திருக்கிறார்கள். தந்ததைப் பயன்படுத்துவது ஒன்று. நூல் சுற்றிய கட்டை வாங்கி, 'லகோட்டா முறை' என்று பெயரிட்டு, பிறருக்கு வகுப்பெடுப்பது முற்றிலும் வேறு. இவ்விரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது; அதில் எங்கே நிற்பது என்று நானே இன்னும் தீர்மானித்து முடிக்கவில்லை.

விற்பனையைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பாட்டி விற்க மாட்டார், கேட்டாலே முகம் சுருங்கும். ஆனால் பழங்குடி மக்கள் கூடி ஆடிப் பாடும் பவ்-வவ் விழாத் திடல்களில் சிறு கட்டுகளாக விற்கும் லகோட்டாக் குடும்பங்களும் உண்டு. வேலைவாய்ப்பு அரிதான இடத்தில் அது அவர்களுக்குப் பெட்ரோல் செலவு. அவர்களைக் குறைசொல்ல வெளியாளான எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 11

கழுகு இறகு எங்கே வாங்கலாம் என்று கேட்டவருக்கு: வாங்க வேண்டாம், வழக்கறிஞர் செலவு இறகின் விலையைத் தாண்டிவிடும். வெண்தலைக் கழுகைக் காக்கும் சட்டம் 1940இல் வந்தது, பொன்னிறக் கழுகு அதில் 1962இல் சேர்ந்தது. கீழே கிடந்ததைக் குனிந்து எடுத்தாலும் குற்றம். அரசு ஏற்பு பெற்ற பழங்குடிகளின் பதிவுபெற்ற உறுப்பினர்கள், டென்வருக்கு அருகிலுள்ள தேசியக் கழுகு இருப்பகத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து பெறுகிறார்கள். பருந்து, ஆந்தை இறகுகளையும் 1918இன் வலசைப் பறவைச் சட்டம் காக்கிறது. வெறும் கையால் விசிறலாம். நான் பார்த்தவர்களில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 18

வட டகோட்டாவிலிருந்து ஒருவர் படம் அனுப்பி, இதுதானே என்று கேட்டிருக்கிறார். இது ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம், ஐரோப்பாவிலிருந்து வந்து படர்ந்த களை. அவர் இருக்கும் மாநிலத்தில் சட்டப்படி ஒழிக்க வேண்டிய களைகளின் பட்டியலில் இருக்கிறது. இலை பலமுறை பிளவுபட்டு, நுனிகள் மழுங்கியிருக்கும். செடி புதராகத் திரண்டு, சாம்பல் கலந்த பச்சையாகத் தெரியும். பெஜி ஹோத்தாவின் மேல் இலைகள் பிளவுபடாமல் ஈட்டி வடிவில் இருக்கும். கீழ் இலைகளில் மட்டும் சில பிளவுகள் காணலாம். தண்டுகள் ஒரே தூரிலிருந்து கிளம்பாமல் நிலமெங்கும் தனித்தனியாக எழும். அப்சிந்தியத்தில் தூயோன் என்ற நச்சுப் பொருள் மிகுதி. அதைக் கொளுத்தி மூச்சில் இழுக்க வேண்டாம்.

மேற்கே போகப் போக, இடுப்புக்கு மேல் வளரும், இலைநுனியில் மூன்று பற்கள் கொண்ட மரத்தண்டுப் புதர் வரும். அது பெரிய சேஜ்புதர், ஆர்ட்டிமீசியா டிரைடென்டாட்டா. கௌபாய் படங்களில் பின்னணியில் நிற்பது அதுதான்.

ஆகஸ்ட் 19

செடிகளைப் பிரிக்கும்போது இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். பெஜி ஹோத்தாவுக்கு அருகிலேயே, கணுக்கால் உயரத்தில், நூல் நூலாகப் பிளந்த வெள்ளி இலைகளுடன் ஆர்ட்டிமீசியா ஃபிரிஜிடா வளரும். லகோட்டா மக்களிடம் அது பெண்களின் சேஜ். மாதவிலக்கு ஒழுங்கற்றிருக்கும்போது அதன் கஷாயத்தைப் பெண்கள் குடித்தார்கள் என்று கில்மோரும் பதிவுசெய்திருக்கிறார். யாரும் வீட்டில் காய்ச்சிக் குடித்துப் பார்க்க வேண்டாம், கருவுற்றிருப்பவர்கள் அறவே தொட வேண்டாம்.

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் சடங்குகளிலிருந்தும், சடங்குக்கான செடி பறிப்பதிலிருந்தும் விலகியிருப்பது பல லகோட்டாக் குடும்பங்களில் இன்றும் தொடர்கிறது. நம்மூர்த் தீட்டுதானே என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். அவர்கள் தரும் விளக்கம், அந்நாட்களில் பெண்ணிடம் உள்ள ஆற்றல் சடங்கின் ஆற்றலை விஞ்சிவிடும் என்பது. என்னுடன் பணிபுரியும் தோழியிடம் இதைக் கேட்டேன். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சமையல் வேலை மட்டும் அந்நாட்களில் குறைவதாகத் தெரியவில்லை என்றார்.

செப்டம்பர் 2

பள்ளிகள் திறந்துவிட்டதால் இது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் 2023இல் இயற்றிய சட்டப்படி, அமெரிக்க இந்திய மாணவர்களும் ஊழியர்களும் பொதுப்பள்ளிக்குள் புகையிலை, சேஜ், இனிய மணப்புல், சீடர் மர இலை ஆகியவற்றால் புகை காட்டலாம். பள்ளி ஊழியர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும். தடை விதித்த நாட்டில், பள்ளிக்கூடத்துப் புகை எச்சரிப்பான் அடிக்காமல் இதை எந்த அறையில் செய்வது என்று கூட்டம் போட்டுப் பேசும் நாள் வந்திருக்கிறது.

செப்டம்பர் 15

வீட்டில் வளர்க்கலாமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். வளர்க்கலாம், அதில் யாருக்கும் இழப்பில்லை. தோட்டச் செடி விற்பனையகங்களில் 'சில்வர் கிங்', 'சில்வர் குவீன்', 'வாலரி ஃபின்னிஸ்' என்ற பெயர்களில் கிடைப்பவை ஆர்ட்டிமீசியா லுடோவிசியானாவின் தோட்ட வகைகளே. விதையிலிருந்து வளர்ப்பதானால், அந்தந்தப் பகுதியின் புல்வெளிச் செடிகளை விற்பவர்களிடம் வாங்குங்கள். விதை தூள் அளவுக்குச் சிறியது. மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி அழுத்தினால் போதும், முளைக்க ஒளி வேண்டும்.

நல்ல வெயில், நீர் தேங்காத மண், கஞ்சத்தனமான பாசனம் இவையே அதற்குப் பிடிக்கும். உரம் வைத்தால் தண்டு நீண்டு சாய்ந்துவிடும். முக்கியமானது வேலி: மட்டநிலத்தண்டு இரண்டாம் ஆண்டிலேயே அடுத்த பாத்திக்குள் நுழையும். அடிப்பாகம் அறுத்த பிளாஸ்டிக் வாளியை விளிம்பு ஓரங்குலம் மேலே தெரியும்படி மண்ணில் புதைத்து, அதற்குள் நடுங்கள். பக்கத்து வீட்டுப் புல்தரை பச்சையாகவே இருக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கண்டிப்பாக இருக்கும் பகுதியில், வாளிக்குப் பதில் பெரிய தொட்டியே நல்லது.